கவிழ்த்து வைத்த தேக்சா

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் ஐந்தாம் நாள், புதன்கிழமை. முந்தைய மாலை வருவதாகப் போக்குக் காட்டி வராமலே போன மழையின் புழுக்கம் இரும்புலியூர் முழுவதும் தேங்கி நின்றது. காலை எட்டு மணிக்கே முதுகில் சட்டை ஒட்டியது. ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்துகளின் புகை கூட மேலே எழ மனமின்றித் தெருக்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

அத்தகைய காலையில், ஏரிக்கரைத் தெருவின் கீழ்முனையில், தன் வீட்டு வாசற்படியில் அமர்ந்து ஜஹீரா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தே ஆகவேண்டிய தேவை ஒன்றும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நாள்தோறும் இரண்டு கிலோ உரித்த விரல்கள் சும்மா இருக்க மறுத்தன.

அவள் கணவர் ஷாகுல் ஒரு பண்டாரி. அதாவது, கல்யாண விருந்துகளுக்குப் பெரிய பெரிய தேக்சாக்களில் பிரியாணி ஆக்குபவர். ஆகஸ்ட் பத்தொன்பதாம் நாள், அதே தெருவின் அயூப் பாய் தம் மகன் ஜைதுக்கு நிக்காஹ் முடித்துத் தெரு முழுவதற்கும் விருந்து வைத்தார். சமைத்தவர் ஷாகுல். விருந்தின் ஏழாம் நாள் ஒருவருக்குக் கண் மஞ்சளாயிற்று. மறுநாள் மூவருக்கு. இன்றைக்குப் பதினேழாம் நாள். இருபத்து மூன்று பேர் மஞ்சட்காமாலையில் படுத்துக் கிடந்தனர். பழி எங்கே போய் விழும்? தேக்சாவின் மேல்தான் விழுந்தது. பேசி வைத்திருந்த மூன்று கல்யாணக்காரர்கள் ஷாகுலிடம் சொல்லாமலே வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மற்றொன்று. பதினான்காம் தேதி ரமலானின் முதல் நோன்பு. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைப் பத்தொன்பது ஆண்டுகளாகக் காய்ச்சியவர் அவர். அதற்கெனக் கூலி வாங்கியவர் அல்லர். ஆண்டு முழுவதும் பிறருக்காகச் சமைப்பது தொழில், அந்த முப்பது நாள் சமைப்பது தம் பங்கு என்று எண்ணியிருந்தவர். இந்த ஆண்டு அந்த அகப்பை தம் கைக்கு வருமா, வராதா? பள்ளிவாசல் நிர்வாகச் செயலாளரான அயூப் பாய் இதுவரை வாய் திறக்கவில்லை.

"அஞ்சு மணி நேரம் தீயில கெடந்த சோறு," என்றார் ஷாகுல், உள்ளிருந்தபடியே, நூறாவது முறையாக. "அதுல எந்தக் கிருமி உசுரோட கீதுன்றாங்க?"

"சோத்தை யாரு சொன்னா? பச்சடியச் சொல்றாங்க," என்றாள் ஜஹீரா.

"பச்சடியா! வெங்காயத்தையும் தயிரையும் கொதிக்க வெச்சா ஊத்துவாங்க? பேஜாரு புடிச்ச ஜனங்க."

எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் தன் வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஏரிப் பாசனத்தில் மூன்று போகம் கண்ட குடும்பம். இப்போது அந்த நிலத்தில் வாடகை வீடுகள் விளைந்திருந்தன.

"இன்னா ஜஹீரா, காலங்காத்தால பூண்டு உரிச்சிகினு கீற? எந்த மண்டபம்?"

"எந்த மண்டபமும் இல்லக்கா. சும்மாத்தான்."

"சும்மா உரிக்க அது இன்னா வேர்க்கடலையா?" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதென்று உணர்ந்தவளாய்ப் பொன்னியம்மாள் குரலைத் தணித்தாள். "அட வுடு. நாலு நாளு பேசுவாங்க, மறந்துடுவாங்க."

அதே நேரத்தில் தெருவின் மேல்முனையிலிருந்து ஒரு குரல் வீடு வீடாகத் தாவி வந்தது: "ஆபீசு! ஆபீசு வருது!"

தெரு பரபரத்தது. இதற்குக் காரணம் உண்டு. நான்கு நாளுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், நூல் போல ஒழுகும் குடிநீரை நம்பிக் குடித்தனம் நடத்த முடியுமா? எனவே ஒவ்வொரு வீட்டாரும் குழாயிலேயே ஒரு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தனர். அது சட்டப்படி குற்றம். ஆதலால் அதிகாரி எவரேனும் தலை காட்டினால் பெண்கள் ஓடிச் சென்று அண்டாவையோ, அன்னக்கூடையையோ மோட்டாரின் மேல் கவிழ்த்துவிடுவார்கள். ஜஹீராவின் வீட்டில் அதற்கு வாய்த்தது பதினைந்து கிலோ அரிசி வேகும் தேக்சா. அவளும் மகள் இரமும் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக் கவிழ்த்து முடிக்கவும், வந்தவள் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

வந்தவள் குழாய் அலுவலகத்தைச் சேர்ந்தவள் அல்லள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க சந்திரிகா, ஒரு மருத்துவக் கல்லூரியின் நோய்ப்பரவல் ஆய்வுக் குழுவில் பணிபுரிபவள். நோய்க்கு மருந்து கொடுப்பது அவள் வேலையன்று. நோய் எவருக்கு வந்தது, எவருக்கு வரவில்லை, எந்த நாளில் வந்தது, எந்த வீட்டில் வந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதி, அது புறப்பட்ட இடத்தைக் கண்டறிவதே அவள் வேலை. கையில் அட்டை, அட்டையில் தெருவின் படம், நாற்பத்தொரு வீட்டுக்கும் நாற்பத்தொரு கட்டம். காமாலை கண்ட வீடுகளில் மஞ்சள் பென்சிலால் புள்ளி.

"அக்கா, உங்க வீட்ல எத்தனை பேரு?"

"மூணு பேரு மேடம். நானு, இவரு, பொண்ணு."

"இந்த ரெண்டு மூணு மாசத்துல யாருக்காவது காமாலை வந்துச்சா?"

"இல்ல."

"வாந்தி, அசதி, சோத்தைக் கண்டா வெறுப்பு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்."

"குழாய்ல மோட்டார் வெச்சிருக்கீங்களா?"

"மோட்டாரா? நம்மகிட்ட ஏது?"

சந்திரிகா கவிழ்ந்து கிடந்த தேக்சாவைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை. "முப்பத்தெட்டு வீடு பாத்துட்டேன்க்கா. ஒரு வீட்லயும் மோட்டார் இல்லை. ஆனா எல்லா வீட்லயும் குழாய் பக்கத்துல ஒரு பாத்திரம் கவுந்திருக்கு. இந்தத் தெருவுல பாத்திரம் கழுவிக் காய வைக்கிற பழக்கம் ரொம்ப நல்லா இருக்கு."

எதிர்வாசலில் பொன்னியம்மாள் களுக்கென்று சிரித்து, தலைத்துண்டால் வாயை மூடிக்கொண்டாள். ஜஹீராவால் சிரிக்க முடியவில்லை.

ஷாகுல் வெளியே வந்து நின்றார். "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லு. எஞ்சோத்தாலயா வந்துச்சு?"

"எனக்கு அப்படித் தோணலை பாய். இந்த நோவு உடம்புக்குள்ள போயிட்டா, வெளிய தெரியறதுக்குக் கொறஞ்சது ரெண்டு வாரம் ஆகும். பல பேருக்கு ஒன்றரை மாசம்கூட ஆகும். விருந்து முடிஞ்ச ஏழாம் நாளே ஒருத்தருக்குக் கண்ணு மஞ்சளாச்சுன்னா, அது விருந்துல வாங்கினது இல்லை."

"அதத்தானே நானும் தலையால தண்ணி குடிச்சி சொல்லிகினு கீறேன்!"

"அயூப் சார் ஒத்துக்க மாட்டேங்கறார். உங்க நாள் கணக்கு புஸ்தகத்துல இருக்கும், எங்க தெருவுல இல்லைன்றார். விருந்துக்கு முன்னாடியே, ஜூலையில, ஆகஸ்டு மொதல்ல, யாருக்காவது வந்திருந்தா அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆனா அப்படி ஒருத்தர்கூட இல்லைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

ஷாகுல் தரையைப் பார்த்தார். உள்ளே திரைச்சீலை ஒரு முறை அசைந்து நின்றது.

உண்மை என்னவெனில், அப்படி ஒருத்தி இருந்தாள். ஜூலை பன்னிரண்டாம் நாள் காலை, கண்ணாடி முன் நின்று பொட்டுக் கம்மலைத் திருகிக்கொண்டிருந்த இரம், "அம்மா, என் கண்ணைப் பாரு," என்றாள். ஜஹீரா பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கதவைச் சாத்தினாள். பல்லாவரத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஈரல் கெட்ட பெண் என்று ஒரு சொல் கிளம்பினால் அதை யார் அடக்குவது? அன்று மாலையே மகளுக்குப் புர்கா போட்டுப் பள்ளிக்கரணையில் இருந்த மூத்த மகள் ஷாயிஸ்தாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இருபத்தேழு நாள் கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாச் சோறும். தையல் கற்கப் போயிருக்கிறாள் என்று தெருவுக்குச் சொன்னாள். இரம் தேறித் திரும்பியபோது, சதுப்பு நிலத்துக் கொசுக்கடியைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

அந்த ரகசியம் அத்தோடு முடிந்திருந்தால் ஜஹீரா இந்நேரம் சொல்லியிருப்பாள். ஆனால் நிக்காஹுக்கு முந்தைய நாள், அயூப் பாய் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழியப் பச்சடிக்கு முப்பது கிலோ வெங்காயம் அரிந்தவர்களில் இரமும் ஒருத்தி.

சந்திரிகா போன பின், மதியச் சோற்றின்போது ஜஹீரா மெல்லச் சொன்னாள்: "இந்தாங்க. ஒருவேளை நம்ம புள்ள கையால்தான்..."

"வாயைத் தொறக்காத," என்றார் ஷாகுல்.

"அந்தம்மா கேக்கறது அதானே. முன்னாடி யாருக்கு வந்துச்சுன்னு."

"சொன்னா இன்னா ஆவும்? பண்டாரி வூட்டுலயே காமாலைய வெச்சிகினு ஊருக்கு ஆக்கிப் போட்டான்னு ஆவும். பல்லாவரத்துக்காரனும் போயிடுவான், பள்ளியாசலும் போயிடும்." பிறகு குரலைத் தணித்து, "எனக்கும் அந்த நெனப்புதான் ஜஹீரா. ராவும் பகலும் அதான். அதனாலதான் தொறக்காதன்றேன்," என்றார்.

அவர் எழுந்து கை கழுவினார். கழுவிய கையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மீண்டும் சோப்புப் போட்டுக் கழுவினார். ஜஹீரா மீதிச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், உண்ணவில்லை. பல்லாவரத்துப் பண்டாரி ஒருவரைக் கஞ்சிக்குப் பேசியிருக்கிறார்கள் என்ற செய்தி அன்று மாலை மளிகைக் கடையிலிருந்து இரம் வழியாக வீடு வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகல். பொன்னியம்மாளின் மருமகள் அமுலு, ஆறு மாத வயிற்றைத் தாங்கியவாறு தெருவைக் கடந்து வந்து, ஜஹீராவின் படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மாமியார் பின்னோடு வந்தாள்.

"அத்தை மொறத்தைத் தொடவுடாது, தொடப்பத்தைத் தொடவுடாது. குந்திகினே கெடன்னுது. எவ்ளோ நேரம் குந்தறது பாயம்மா?"

"நாங்கல்லாம் ஒம்பதாம் மாசத்துல நாத்து நட்டோம்னு சொன்னா இவளுக்குக் கோவம் வருது, குந்துன்னு சொன்னாலும் கோவம் வருது," என்றாள் பொன்னியம்மாள். "இன்னாதான் பண்றது?"

"மாங்கா வாங்கிக் குடு. ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மூவரும் சிரித்துக்கொண்டிருக்கையில், குடையை மடக்கியபடி சந்திரிகா வந்தாள். அமுலுவைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"எத்தனை மாசம்?"

"ஆறு."

"குடிக்கிற தண்ணி?"

"அதோ, குழாத் தண்ணிதான்."

"கொதிக்க வெச்சா?"

அமுலு மாமியாரைப் பார்த்தாள். "கேசு சீக்கிரம் தீந்துபூடும்னு..."

சந்திரிகா படியில் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். "பயமுறுத்தறேன்னு நெனைக்காதம்மா. சொல்லாம போனா நான்தான் தப்பு பண்ணவளாயிடுவேன். மத்தவங்களுக்கு இந்தக் காமாலை ஒரு மாசத்துல சரியாயிடும். வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்கு, அதுவும் கடைசி மூணு மாசத்துல வந்துட்டா, அஞ்சு பேர்ல ஒருத்தர் பொழைக்கிறது கஷ்டம்."

அமுலுவின் சிரிப்பு வாயோரத்திலேயே நின்றுவிட்டது. கை தானாக வயிற்றின் மேல் போயிற்று.

"எந்த எடத்துல கெடுதுன்னு தெரிஞ்சா ஒரே நாள்ல அடைச்சிடலாம்," என்றாள் சந்திரிகா, தன் அட்டையைப் பார்த்தபடி. "அதுக்கு மொதல்ல வந்தவங்க யாருன்னு தெரியணும். தெரியலையே."

ஜஹீரா எழுந்தாள். எழுந்தபோது மடியிலிருந்த பூண்டுத் தோல் நாற்புறமும் பறந்தது. வீட்டுக்குள் ஷாகுல் இருந்தார். அவர் பக்கம் அவள் திரும்பவில்லை.

"இரம், இங்க வா. அந்தப் பக்கம் புடி."

இருவரும் தேக்சாவைத் தூக்கி நகர்த்தினர். அடியில், பச்சை நிற மோட்டார், குழாயைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது எங்க மோட்டாரு," என்றாள் ஜஹீரா. "இது எம் பொண்ணு. ஜூலை பன்னெண்டாந் தேதி இவளுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. பள்ளிக்கரணைல ஒளிச்சி வெச்சேன். தையலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்யாணப் பச்சடிக்கு வெங்காயம் அரிஞ்சது இவதான். எழுதிக்கம்மா. எல்லாத்தையும் எழுதிக்க."

பொன்னியம்மாள் வாயில் கை வைத்தாள். கதவருகே வந்து நின்ற ஷாகுல் நிலையைப் பற்றிக்கொண்டார். தம் வாழ்க்கை இந்த ஒரு நொடியில் முடிந்தது என்றே அவர் எண்ணினார்.

சந்திரிகா பென்சிலை எடுத்து, பண்டாரி வீட்டுக் கட்டத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்து, அதனருகே நாளை எழுதினாள். பின் இரமிடம், "ரொம்ப வாந்தி எடுத்தியா?" என்று கேட்டாள். இரம் தலையசைத்தாள். இரண்டு மாதமாக அவளிடம் அதை எவரும் கேட்டதில்லை, கண் கலங்கிவிட்டது.

"அக்கா, இங்க பாருங்க. வெங்காயம் அரிஞ்சப்ப இவளுக்கு நோவு வந்து அஞ்சு வாரம் தாண்டியாச்சு. அதுக்குள்ள அடுத்தவங்களுக்குக் குடுக்கற காலம் முடிஞ்சிடும். சரி, அதைக்கூட விடுங்க. அந்தப் பச்சடியைச் சாப்பிட்ட மேல்முனைக்காரங்க நாப்பத்தாறு பேரு. ஒருத்தர் கண்ணுகூட மஞ்சளாகலை. கீழ்முனையில விருந்துக்கே வராதவங்க எட்டு பேருக்கு வந்திருக்கு. பச்சடியில இருந்தா அது வீடு பாத்தா போகும்?" அவள் விரல் படத்தின் நடுவில், சாக்கடை குறுக்கிடும் சிறுபாலத்தில் வந்து நின்றது. "பாலத்துக்கு மேல ஒரு புள்ளி இல்லை. கீழதான் எல்லாம். பாலத்தடியில பைப்பு வெடிச்சிருக்கணும். நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல மோட்டார் போட்டு உறிஞ்சறப்ப, அந்த ஓட்டை வழியா சாக்கடையும் சேந்து வருது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவுல மோர் குடிச்சா காத்து வருதே, அந்த மாதிரி."

"அப்ப எம் பொண்ணு?"

"உங்க பொண்ணு யாருக்கும் குடுக்கலைக்கா. எல்லாருக்கும் முன்னாடி வாங்கிக்கிட்டா, அவ்வளவுதான்."

ஜஹீரா அப்படியே சுவரில் சாய்ந்து அமர்ந்தாள். ஷாகுல் உள்ளே போய்விட்டார். சமையற்கட்டில் மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது.

பொன்னியம்மாள் தெருவைக் கடந்து விடுவிடுவென்று போய், தன் வீட்டு அன்னக்கூடையை எடுத்துத் தடாலென்று நிமிர்த்திப் போட்டாள். "இந்தா, எங்க வூட்லயும் கீது! ஏய், மூடி வெச்சிகினு கீறவளுங்கல்லாம் தொறங்கடி! எம் மருமவ வயித்துல புள்ளய வெச்சிகினு கீறா!"

அன்று மாலைக்குள் கீழ்முனையில் பத்தொன்பது பாத்திரங்கள் நிமிர்ந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியர் வேதசிரோமணி தம் வீட்டு அண்டாவைத் தாமே தூக்கிவிட்டு, "இது முழுக்க முழுக்க என் மனைவியின் ஏற்பாடு," என்று சந்திரிகாவிடம் தூய தமிழில் வாக்குமூலம் அளித்தார். ஜூலையிலேயே காமாலை கண்டு மறைக்கப்பட்ட மேலும் மூவர் வெளிப்பட்டனர். ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டும்தான் என்று எண்ணி வெட்கப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை பாலத்தடியைத் தோண்டினார்கள். மூன்றடி ஆழத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் வெடித்திருந்தது. அதைச் சுற்றிலும் கறுத்த சேறு. தெருவே கூடி நின்று பார்த்தது. அயூப் பாயும் பார்த்தார். அவர் வீடு கீழ்முனையில்தான் இருந்தது. தெருவிலேயே பெரிய மோட்டார் அவருடையது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

குழாய் அடைக்கப்பட்டது, லாரித் தண்ணீர் வந்தது. அமுலுவின் கண்களை ஜஹீரா நாள்தோறும் காலையில் இமையைக் கீழிழுத்துப் பார்த்தாள். "இன்னும் ஒன்றரை மாசம் பாக்கணும்னு மேடம் சொல்லிகிறாங்க," என்றாள். பல்லாவரத்து மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து பேச்சு மூச்சில்லை. "வரலைன்னா போவுதும்மா," என்றாள் இரம். அவள் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்தது, பயம் இல்லை.

பள்ளிவாசலிலிருந்தும் சொல் வரவில்லை.

பதினான்காம் தேதி, முதல் நோன்பு. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து ஷாகுல் பாயில் சுருண்டு படுத்திருந்தார். மணி இரண்டரை இருக்கும். வாசலில் செருப்போசை கேட்டது. அயூப் பாய்.

"ஷாகுலு."

"வாங்க பாய்." ஷாகுல் எழுந்து உட்கார்ந்தார்.

அயூப் பாய் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை வெகுநேரம் படித்தார். பின், "மோட்டாரைக் கழட்டிட்டேன்," என்றார்.

"நல்லது பாய்."

"அரிசி ஊறுது. பல்லாவரத்துப் பண்டாரி வந்துட்டான். வெந்தயம் எவ்ளோன்னு கேக்கறான். எவனுக்கும் தெரியல. நோன்பு வெச்சிகினு ருசி பாக்கவும் முடியாது."

"படிக்கு ஒரு கைப்பிடி."

"அதத்தான் கேக்கறேன். யாரு கைப்பிடி?"

ஷாகுல் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் கையி பெருசு. என் கையி சின்னது," என்றார் அயூப் பாய், வெளியே பார்த்தபடி. "பத்தொம்பது வருசமா எங்க நாக்குக்கு ஒரே கைதான் தெரியும். வா. நேரமாவுது."

ஷாகுல் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான்கள் அவர் விரலுக்கு அகப்படவில்லை, ஜஹீராதான் போட்டுவிட்டாள்.

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் பக்கவாசல் திறந்தது. வேண்டுவோர் எவராயினும் பாத்திரத்தோடு வந்து கஞ்சி வாங்கிச் செல்வது அங்கே வழக்கம். அன்றும் வந்திருந்தனர். ஆனால் எவரும் முன்னே வரவில்லை. தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றனர். பூண்டும் தேங்காய்ப்பாலும் மணக்க, கொதிக்கும் தேக்சாவின் பின்னால் அகப்பையோடு ஷாகுல் நின்றார். அவர் நெற்றி வியர்வையைத் துடைக்கவில்லை. பெண்கள் வரிசையின் ஓரத்தில் ஜஹீரா நின்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வயிறு முன்னால் வந்தது. பின்னால் அமுலு வந்தாள். அவள் கையில் தூக்குச்சட்டி இல்லை. ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர்தான் இருந்தது.

"இன்னாம்மா, இவ்ளோதானா? வூட்டுக்கு வேணாமா?" என்றார் ஷாகுல்.

"வூட்டுக்கு அத்தை வாங்கும் பாய். எனக்கு இங்கியே வேணும். பசிக்குது."

அவர் ஊற்றினார். அவள் முந்தானையால் டம்ளரைப் பிடித்து, ஊதி ஊதி, ஊர் பார்க்க நின்றபடியே குடித்தாள். பாதி குடித்து நிமிர்ந்து, "பாய், இன்னும் கொஞ்சம்," என்று டம்ளரை நீட்டினாள். அவள் பின்னால் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரச, வரிசை நகர்ந்தது.

அப்போது மணி மாலை ஐந்து இருபத்திரண்டு.